கோடு முடிகிற இடத்துக்கு அப்பால்

நவம்பர் 4

காலையிலிருந்து மழை. சர்க்கரை 148. பால் திரிந்துவிட்டது, கடுங்காப்பி போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை சென்னியப்பனின் பட்டறைக்குப் போகத் தொடங்கி ஒரு மாதமாகிறது. என் மனைவி ருக்மணியின் தம்பி என்பதால் மறுக்க முடியவில்லை. அவள் போனபின் வீட்டில் தனியாக உட்கார முடியவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கோவை கணபதியில் அவருடைய அப்பா தோட்டத்துக் கிணறுகளுக்கு டீசல் என்ஜின் செய்த அதே கொட்டகைதான். கீழே லேத் ஓடுகிறது. மாடியில் ஓர் அறை, ஒரு கணினி, நான்.

பிப்ரவரியில் ஆறு மணி நேரக் கார் பந்தயம். மற்றவர்கள் எல்லாம் பெட்ரோல். பந்தயத்தில் டீசலா என்று சிரிக்கிறவர்கள் முன்னால் சொந்தமாகச் செய்த டீசல் என்ஜினை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது அவருடைய பத்து வருட ஆசை. ஓட்டப்போவது அவர் மகள் தாரணி. என் வேலை சிமுலேஷன். இரும்பில் செய்து உடைப்பதற்கு முன்னால் கணினியில் செய்து உடைத்துப் பார்ப்பது. கல்லூரியில் முப்பது வருடம் வெப்பவியல் பாடம் எடுத்தவனுக்கு இது வரும் என்று அவர் நம்புகிறார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.


நவம்பர் 11

என்ஜினுக்குள் போகும் காற்றுக்கு என் கணக்கு சொல்லும் அழுத்தமும் கீழே என்ஜினை ஓட்டி அளக்கும் காற்றழுத்தமும் ஒத்துப்போகவில்லை. இரண்டு கோடுகளும் பேசிக்கொள்ளாத பங்காளிகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. தவறு என்னுடையதாகத்தான் இருக்கும். மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தேன்.

இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் திரையை மறைத்துவிடுகிறேன். முடியாத கணக்கைப் பிறர் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. இன்று சென்னியப்பன் பார்த்துவிட்டார்.

"என்னுங்க மச்சான், நான் வந்தாலே மூடிப்போடறீங்க? சினிமா கினிமா பாக்கறீங்களா?"

"இன்னும் முடியலைங்க மாப்ள."

"நீங்க முடிக்கறதுக்குள்ள தாரணிக்குக் கல்யாணமாகிப் பேரன் வண்டி ஓட்டுவான் போங்க."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். நானும் சிரித்தேன்.


நவம்பர் 19

தாரணி மாடிக்கு வந்து அரை மணி நேரம் இருந்தாள். என் மேசையிலிருந்த பொரியை முழுக்கத் தின்று தீர்த்தாள். கணினியில் அவள் கார் ஓடுவதைப் பார்க்க வேண்டுமாம். கார் எல்லாம் வராது கண்ணு, கோடுதான் வரும் என்றேன்.

"இந்தக் கோட்டுக்குள்ள நான் எங்க மாமா இருக்கேன்?"

ஒரு வளைவில் அவள் காலை எடுத்து மறுபடி அழுத்துகிற இடத்தைக் காட்டினேன். கோடு அங்கே ஒரு முறை தாழ்ந்து எழும்பும். "ஐ, நாந்தானா இது" என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். திரையில் எண்ணெய்ப் பொரியின் தடம். இன்னும் துடைக்கவில்லை.


நவம்பர் 27

மின்சாரம் இல்லை. வேலை இல்லை.


டிசம்பர் 3

டர்போ பற்றி எழுதிவைத்துக்கொள்கிறேன், என் மனம் தெளிவதற்காக.

வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிறது. அதற்கு ஒரு வேக எல்லை உண்டு. அந்த வேகத்தை நேரடியாக அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. என் கணக்கு சொன்னால்தான் தெரியும்.

இன்று ஆறு மணி நேர ஓட்டத்தை முழுதாக ஓட்டிப் பார்த்தேன். தாரணி தொட்ட அதே வளைவில், அவள் காலை எடுத்து மறுபடி அழுத்தும் கணத்தில், சக்கரம் எல்லையைத் தாண்டுகிறது. கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும்.

மறுபடி ஓட்டினேன். அதே விடை.


டிசம்பர் 5

ஒரு ஆறுதல் கிடைத்தது. டர்போ செய்தவர்கள் தந்த வரைபடம் ஓரளவு வேகம் வரைதான் அளக்கப்பட்டது. அதற்கு மேலே கோடு முடிந்துவிடுகிறது. முடிந்த இடத்துக்கு அப்பால் கணினி தானாகவே கோட்டை இழுத்து நீட்டிக்கொள்கிறது, ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாமல். நான் கண்ட ஆபத்து அந்த நீட்டிய பகுதியில் இருக்கிறது. ஆகவே அது வெறும் கற்பனையாக இருக்கலாம்.

உண்மையாகவும் இருக்கலாம். அப்படி அச்சு உடைந்தால் அதன் எண்ணெய் என்ஜினுக்குள் போகும். டீசல் என்ஜினுக்கு எண்ணெயும் தீனிதான். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. தன் எண்ணெயைத் தானே குடித்து, வேகம் ஏறிக்கொண்டே போகும். காரில் இருக்கிறவர் செய்யக்கூடியது ஒன்றே: கிளட்சை மிதிக்காமல், பெரிய கியரிலேயே வைத்து, பிரேக்கை முழுதாக அழுத்தி அதை மூச்சடைக்க வைப்பது. கிளட்சை மிதித்தால் பாரம் விலகி இன்னும் பறக்கும்.

சென்னியப்பனிடம் சொல்ல வேண்டும். நாளை சொல்கிறேன்.


டிசம்பர் 6

சொல்லவில்லை. அவர் வார்ப்படக் கடைக்காரரோடு சண்டையில் இருந்தார்.


டிசம்பர் 9

ருக்மணி இருந்திருந்தால் இராத்திரிச் சாப்பாட்டின்போது அவளிடம் சொல்லியிருப்பேன். அவள் காலையில் தம்பியைக் கூப்பிட்டு, "ஏஞ்சாமி, உங்க மச்சானுக்கு அந்த டர்போ புடிக்கலியாமா, என்னன்னு பாரு" என்று சொல்லியிருப்பாள். அவர் அக்கா பேச்சைத் தட்டியதில்லை. முப்பத்தெட்டு வருடம் இந்தக் குடும்பத்தில் நான் சொல்ல வேண்டியதெல்லாம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. கடன் வேண்டாம் என்றது, நில விவகாரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றது, எல்லாம். நேராக ஒரு தடவைகூட இல்லை. இப்போதுதான் இது தோன்றுகிறது.

படியில் பாதி இறங்கினேன். கீழே அவர் யாரிடமோ, "எங்க மச்சான் போட்ட கணக்கு, தப்பவே தப்பாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி ஏறிவிட்டேன்.


டிசம்பர் 10

எரிபொருள் அட்டவணையை நான்தான் கணக்கிட்டுத் தருகிறேன். எந்த வேகத்தில் எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்ற எண்கள். அவை அப்படியே காரின் கணினிப் பெட்டிக்குள் ஏற்றப்படும். இன்று மேல்வரிசையில் சில எண்களைக் குறைத்தேன். ஆறு சதவீதம். பெரிய மாற்றமில்லை. சக்கரம் எல்லைக்குள் அடங்கிவிட்டது.

இதற்காக யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். திரையைத் துடைத்தேன்.


டிசம்பர் 21

தாரணி பயிற்சி ஓட்டத்துக்குப் போய் வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றாமலே மாடிக்கு வந்தாள்.

"மாமா, வண்டி மேல எழும்பவே மாட்டேங்குது. அந்த நீட்டு ரோட்டுல போன மாசம் சும்மா பிச்சுக்கிட்டுப் போச்சு. இப்ப கெழவன் மாதிரி இருமுது."

"குளிர்காலமில்லியா கண்ணு."

"குளிர்ல டீசல் இன்னும் நல்லாத்தானே மாமா ஓடணும்?"

அவள் சொன்னது சரி. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. பார்க்கிறேன் என்றேன். சென்னியப்பன் கீழே நின்று டர்போவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.


ஜனவரி 3

பல் மருத்துவர். கீழ்வரிசையில் ஒன்றை எடுத்தாயிற்று.

என்ஜினை அளந்தபோது காற்றழுத்தம் என் கோட்டுக்கு மேலே போகிறது. முன்பு கீழே இருந்தது, இப்போது மேலே. கீழே போய் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்கலாமென்று நினைத்தேன். கேட்டால், நீங்கள் எதையாவது மாற்றினீர்களா என்று அவரும் கேட்கக்கூடும்.

அளவு பொய் சொல்லாது, கணக்குதான் பொய் சொல்லும் என்று மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் மாடலில் ஒரு திருத்த எண்ணைச் சேர்த்து அளவோடு பொருத்தினேன். ஏறத்தாழப் பொருந்துகிறது.


ஜனவரி 14

பொங்கல். சென்னியப்பன் வீட்டில் சாப்பாடு. ருக்மணியின் படத்துக்கு முன்னால் அவர் மனைவி பூங்கோதை முதல் இலை போட்டாள். அவளுக்கு நாத்தனார் மேல் பிரியம் அதிகம்.

சாப்பிட்டபின் சென்னியப்பன் வெற்றிலை மடித்துத் தந்தார். "வண்டி சரியாப் போச்சுங்க மச்சான். தாரணி வாயெல்லாம் பல்லு. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

எப்படிச் சரியாயிற்று என்று நான் கேட்கவில்லை. சரியாகிவிட்டது என்று கேட்டதில் மகிழ்ச்சி. மகிழ்ச்சி என்றுதான் எழுத வேண்டும்.


ஜனவரி 25

திருத்த எண்ணை மூன்றாவது முறையாகக் கூட்ட வேண்டியிருந்தது. எதற்கும் தாரணியிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவைப்பது நல்லது. யாரையும் குறை சொல்வதாக இருக்கக் கூடாது. எழுதிப் பார்த்தேன்:

"கண்ணு, என்னைக்காவது சாவியைத் திருப்பியும் வண்டி நிக்கலைன்னா, கிளட்சை மிதிக்காதே, பிரேக்கை மிதி."

நன்றாக இருக்கிறது. சுருக்கமாகவும் இருக்கிறது. கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். பல் போன இடத்தில் காற்றுப் போகிறது.


பிப்ரவரி 6

இன்று கிளம்பினார்கள். லாரியில் காரை ஏற்றுவதற்கு முன்னால் பட்டறை வாசலில் பூசை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். தாரணி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். திருநீறு பூசிவிட்டேன்.

"கண்ணு, ஒன்னு சொல்லணும். என்னைக்காவது சாவியைத் திருப்பியும் வண்டி நிக்கலைன்னா..."

பூங்கோதை தட்டோடு பக்கத்திலேயே நின்றாள். "அண்ணா! கெளம்பற நேரத்துல நிக்கறது கிக்கறதுன்னு என்னுங்கண்ணா பேச்சு? நல்ல வார்த்த சொல்லி அனுப்புங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நல்லபடியா போயிட்டு வா சாமி" என்றேன்.

"சரிங்க மாமா. நீங்க சொல்ல வந்தது என்ன?"

"வந்து சொல்றேன்."

லாரி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு போயிற்று. வயதானவன் அலைய வேண்டாம் என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். தொலைபேசியில் சொல்லலாம். நாளை சொல்கிறேன்.


பிப்ரவரி 8

இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தாள், பின்னால் ஒரே சத்தம். "மாமா, தகுதிச் சுற்றுல ஏழாவதா வந்துட்டோம்! டீசல் ஏழாவது!" என்றாள். வாழ்த்துச் சொன்னேன்.


பிப்ரவரி 9

பூங்கோதை கூப்பிட்டாள். அழுகையில் ஒன்றும் விளங்கவில்லை. தாரணிக்குக் காலில் அடி.


பிப்ரவரி 12

கோவைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே.

நாலாவது மணி நேரத்தில் நடந்திருக்கிறது. டர்போ வெடித்தது. வெள்ளைப் புகை. ஓடுபாதையின் ஓரமாக ஒதுக்கியிருக்கிறாள். அதன் பிறகு என்ஜின் தன்னிஷ்டத்துக்கு ஓடி, உள்ளிருந்து ஓர் இரும்புத்தண்டு பிய்த்துக்கொண்டு வந்து காரின் தரையைத் துளைத்தது; தீயும் பிடித்தது.

மருத்துவமனை நடையில் நான்கு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் உட்கார்ந்தேன்.


பிப்ரவரி 14

இன்று தாரணி பேசினாள். குரல் சிறியதாகிவிட்டது. பூங்கோதை மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"சாவியத் திருப்பினேன் மாமா. நிக்கல. மறுபடி திருப்பினேன். நிக்கவேயில்ல. பயத்துல கிளட்ச்ச மிதிச்சுட்டேன். அப்ப அது கத்துச்சு பாருங்க, அந்த மாதிரி ஒரு சத்தம் நான் கேட்டதேயில்ல." என் பக்கம் திரும்பினாள். "டீசல் அப்பிடி ஓடும்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"கேள்விப்பட்டிருக்கேன் கண்ணு."

"எனக்கு யாரும் சொல்லவேயில்ல."

போர்வை வலப்பக்கம் சீக்கிரமே தட்டையாகிவிடுகிறது. அந்தப் பக்கம் பார்க்காமல் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். விதைகளை எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.


பிப்ரவரி 17

பட்டறையில் லேத் ஓடவில்லை. எரிந்த என்ஜினைச் சாக்கின்மேல் கிடத்தியிருக்கிறார்கள். சென்னியப்பன் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. எப்போதும் எழுந்திருப்பார்.

"நாந்தானுங்க மச்சான்."

"என்ன மாப்ள?"

"வண்டி எழும்பலைன்னு புள்ள சொல்லுச்சில்லீங்களா, டிசம்பர்ல. காத்து பத்தலைன்னு நெனச்சுட்டேன். அந்த டர்போ வால்வு ராடு இருக்குது பாருங்க, அத ரெண்டு மரை இறுக்குனேன், டர்போ இன்னும் வேகமாச் சுத்தட்டும்னு. பத்தல. பொங்கலுக்கு முன்னால இன்னும் ரெண்டு. போறதுக்கு முன்னாடி இன்னொன்னு. உங்ககிட்டக் கேட்டா நீங்க கணக்குப் போட்டு ஒரு வாரமாகும்னு..." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "எம்புள்ள கால நானே திருகி எடுத்துட்டேனுங்க மச்சான்."

வார்ப்படக் கடையிலிருந்து யாரோ தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

"அழாதீங்க மாப்ள" என்றேன். தேநீர் ஆறிவிட்டது.


பிப்ரவரி 18

வீட்டிலேயே இருந்தேன். சர்க்கரை பார்க்கவில்லை.


பிப்ரவரி 20

காரின் பதிவுப் பெட்டி தீயில் தப்பியிருக்கிறது. அதிலிருந்த காற்றழுத்தக் கோட்டைத் திரையில் போட்டேன்.

பிறகு என் மாடலிலிருந்த திருத்த எண்ணை எடுத்தேன். சென்னியப்பன் இறுக்கிய ஐந்து மரையைச் சேர்த்தேன். நான் குறைத்த ஆறு சதவீதம் ஏற்கெனவே உள்ளே இருந்தது. ஓட்டினேன்.

இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிட்டன. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரே கோடுதான். வளைவுக்கு வளைவு, அவள் காலை எடுத்து அழுத்தும் ஒவ்வொரு இடத்திலும், நாலாவது மணி நேரம் வரைக்கும். நான்கு மாதத்தில் என் கணக்கு சரியாக வந்தது இன்றுதான். சக்கரத்தின் வேகத்தைக் கேட்டேன். எல்லைக்கு வெகு மேலே. வரைபடத்தில் கோடு முடிந்த இடத்துக்கும் மேலே.

நான் எதையும் குறைக்காமல் விட்டிருந்தால் என்று ஒரு முறை ஓட்டினேன். சிறு மீறல்தான். அச்சு தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம். ஆனால் வண்டி இருமியிருக்காது. அவரும் மரையை இறுக்கியிருக்க மாட்டார்.

இரும்புப் படியில் செருப்புச் சத்தம். கை வழக்கம்போல் திரையை மறைக்கப் போயிற்று. யாரோ கரண்ட் கட்டணச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். திரை மறைந்தே இருந்தது.


பிப்ரவரி 21

காலை பத்து மணிக்குப் படியின் மேலே நின்று கூப்பிட்டேன். இவ்வளவு சத்தமாக நான் யாரையும் கூப்பிட்டதில்லை.

"மாப்ள, கொஞ்சம் மேல வாங்க."

ஏறி வந்தார். சவரம் செய்து பல நாளாகியிருந்தது. திரை திறந்தே இருந்தது. நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டேன். யாரும் எதையும் தொடாமலிருந்தால் இந்தக் கோடு. டிசம்பரில் நான் டீசலைக் குறைத்த பின் இந்தக் கோடு. அது தெரியாமல் நீங்கள் இறுக்கிய பின் இந்தக் கோடு என்று காட்டினேன்.

அவர், தாரணி தொட்ட அதே இடத்தில் விரலை வைத்தார்.

"இதுல எது நானு, எது நீங்க?"

"பிரிக்க முடியலைங்க மாப்ள."

"கொறச்சேன்னு எங்கிட்ட ஏன் சொல்லலீங்க?"

என்னிடம் பல காரணங்கள் இருந்தன. வரைபடம் முடிந்துபோனது, என் கணக்கு எப்போதும் தவறுவது, அவர் வேலையாக இருந்தது. வாயில் வந்தது வேறு.

"ருக்மணி இல்லியே."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா போயி ரெண்டு வருசமாச்சுங்க மச்சான்" என்றார், எனக்கு அந்தச் செய்தி தெரியாது என்பதுபோல.

எழுந்தார். கதவுவரை போய் நின்றார்.

"தாரணிகிட்ட நான் சொல்ல மாட்டேன். பூங்கோதையும் சொல்ல மாட்டா. நீங்க போயிச் சொல்லுங்க."

படியில் இறங்கும் சத்தம் கீழேவரை கேட்டது. பிறகு லேத் ஓடத் தொடங்கியது. எதற்கென்று தெரியவில்லை, வேலை ஒன்றும் இல்லை.

நாளை மாலை நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம். என்ன சொல்ல வேண்டும் என்று இந்த முறை எழுதிப் பார்க்கவில்லை.